காரம் சுவையே இல்லை: புலனுணர்வில் நாம் செய்யும் தவறுகள்

மிளகாயைக் கடித்ததும் தண்ணீர்ச் சொம்பைத் தேடுவோம். ஆனால் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பத்தான் செய்யும். ஒரு வாய் பால் குடித்துப் பாருங்கள். அதிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இதற்கு அடியில் இன்னொரு தவறு இருக்கிறது: காரத்தைச் சுவை என்று நினைப்பது. அறுசுவையில் கார்ப்பு உண்டு, சமையலுக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் காரத்தை அறிவது நாக்கின் சுவை மொட்டு அல்ல. வலி நரம்பின் நுனியில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற உணர்வேற்பி. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் திறக்கிற வாசல் அது. திறந்ததும் கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசினோ சூடே இல்லாமல் அந்த வாசலைத் திறந்துவிடுகிறது. மூளைக்குப் போய்ச் சேர்வது ‘சுடுகிறது’ என்ற செய்திதான். அதனால்தான் வியர்த்துக் கொட்டுகிறது. மிளகாய் நறுக்கிய விரல் எரிவதும் இப்படித்தான். விரலில் ஏது சுவை மொட்டு? 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு இந்த உணர்வேற்பியைக் கண்டறிந்தது. தொடுகையையும் அழுத்தத்தையும் உணரும் ஏற்பிகளைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியானோடு ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசும் பெற்றார். புதினா மிட்டாய் சில்லென்று இருப்பதும் இதே கதைதான்: மெந்தால் திறப்பது குளிர்ச்சிக்கான வாசலை. வாய் உண்மையில் குளிர்வதில்லை.

நுனிநாக்கில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று படம் வரைந்து மனப்பாடம் செய்வதையும் விட்டுவிடலாம். சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.

அப்புறம், பாத்திரம் கழுவிய கையோடு குழந்தையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது. தோல் தெர்மாமீட்டர் அல்ல. தன் வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் அது முக்கியமாகக் கவனிக்கும். சில்லிட்ட கைக்குச் சாதாரண நெற்றியும் கொதிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ‘வலிக்கவில்லையே, ஒன்றுமிருக்காது’ என்ற பேச்சுக்குத்தான். பல வருடச் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் பழுதாகலாம். அப்போது செருப்புக்குள் கிடக்கும் கல்லோ, கொதிக்கும் வெந்நீரோ மூளைக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவர் வெந்நீரைக் காலால் பதம் பார்க்க விடாதீர்கள். உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவருக்கு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக் கொடுங்கள்.