பெயிண்டிங் கான்ட்ராக்டரைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பலருக்கும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் நினைப்பு வருகிறது. அங்கேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வெளிச்சுவர் மார்கழிக்குள் நன்றாகக் காய்ந்திருக்காது. கைதேர்ந்த பெயிண்டர்களும் அதற்குள் வேறு வீடுகளில் வேலையை ஒப்புக்கொண்டிருப்பார்கள். மாசி, பங்குனி வரை பொறுத்தால் சுவரும் காயும், ஆளையும் நிதானமாக விசாரிக்கலாம்.

எங்கள் வீட்டில் பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் உப்பு பூத்திருந்தது. வந்த கான்ட்ராக்டர், "பட்டி பார்த்து அடிச்சுட்டா தெரியாது சார்" என்றார். நாங்களும் சரி என்றுவிட்டோம். ஆறே மாதத்தில், சுவரைச் சமப்படுத்தப் பூசிய அந்தப் பட்டியோடு சேர்ந்து பெயிண்ட் பொரிந்து உதிர்ந்தது. குழாய் இணைப்பில் கசிவு இருந்திருக்கிறது. அதை அடைக்காமல் எவ்வளவு விலை கூடிய பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. அதன்பிறகு, வருகிறவர் சுவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கவனிக்கிறேன். கையால் தடவுகிறாரா, பழைய பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கிறாரா, சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, மாடியில் தண்ணீர் தேங்குமா என்று கேட்கிறாரா? வாசலில் நின்றபடியே அறைகளை எண்ணி மொத்தத் தொகை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ரேட். "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்கிறோம், எதன் சதுர அடி என்று கேட்பதில்லை. 10க்கு 12 அறையின் தரை 120 சதுர அடி. 10 அடி உயரச் சுவர்கள் நான்கும் 440, சீலிங்கையும் சேர்த்தால் 560. கதவு, ஜன்னலுக்குக் கழிப்பாரா என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். இதைப் பேசாமல் விட்டால் கடைசி நாளில் டேப்போடு சண்டைதான்.

ஒருவர் ரேட் குறைவாக இருந்தால் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். சுரண்டல், பட்டி எத்தனை கோட், பெயிண்ட் நன்றாகப் பிடிக்க அடியில் அடிக்கும் பிரைமர் உண்டா, மேலே அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் எத்தனை கோட் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மேல் கோட் காய்ந்தபிறகு கீழே பிரைமர் இருக்கிறதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பணத்தையும் பட்டி முடிந்ததும் ஒரு பகுதி, பிரைமர் முடிந்ததும் ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுப்பதே நல்லது.

"நல்ல கம்பெனி பெயிண்ட்" என்ற ஒற்றை வரியை நம்பவே கூடாது. ஒரே கம்பெனியில் மலிவான டிஸ்டெம்பரும் உண்டு, உயர்ந்த எமல்ஷனும் உண்டு. எந்த வகை என்பதைப் பெயரோடு குறியுங்கள். வாளியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று வாளியிலேயே அச்சிட்டிருக்கும். வாளிக்குள் பெயிண்டர் பணமாக மாற்றிக்கொள்ள டோக்கன் வைத்து விற்கும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே ஒருவர் ஒரு பிராண்டையே வற்புறுத்தினால் காரணத்தைக் கேளுங்கள்.

செல்போனில் காட்டும் படங்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு மழைக்காலம் தாண்டிய ஒரு வீட்டைக் காட்டச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். அப்புறம், பேசுகிறவரே ஆட்களோடு நிற்பாரா, வேறு மேஸ்திரியிடம் கைமாற்றிவிடுவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பழைய வீடு என்றால் கதவு, கிரில்லில் அடித்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பழைய எனாமலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி வீடெங்கும் படியும். குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மாடி வீட்டின் வெளிச்சுவர் என்றால் சாரத்துக்கான செலவில் மட்டும் பேரம் பேசாதீர்கள். நாம் குறைக்கிற அந்தப் பணத்துக்காக ஒருவர் வெறும் கயிற்றில் தொங்க வேண்டியிருக்கும். பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா, ஆட்களுக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். அதற்குச் சரியாகப் பதில் சொல்லாத ஆளை, ரேட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்.