பழைய ஸ்லாவியச் சுவடியில் ஆண்டைக் கண்டுபிடிப்பது

சிரிலிக் எழுத்துதான் எண். 'ஜெலோ' 6, அதன் இடப்பக்கம் கீழே சாய்கோடு இருந்தால் 6000. 'ஃபெர்ட்' 500, 'க்ஸி' 60, 'டோப்ரோ' 4. ஆக 6564, உலகம் தோன்றியதிலிருந்து எண்ணிய கணக்கு. 5508 கழித்தால் 1056.

சறுக்குவது இங்கேதான். பல்கேரியா, செர்பியாவில் ஆண்டு செப்டம்பரில் பிறக்கும். செப்டம்பர் முதல் டிசம்பர்வரை 5509 கழிக்கவேண்டும். பழைய ரஷ்யர்களுக்குப் பெரும்பாலும் மார்ச்சில்; ஜனவரி, பிப்ரவரிக்கு 5507. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் நோட்டீஸில் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போகிறதே, அதே கதைதான்.

ரஷ்ய நகரான நோவ்கோரோட்டின் தலைவருக்காக எழுதிய ஆஸ்திரோமிர் நற்செய்தி 6564 அக்டோபர் 21இல் தொடங்கியது. மார்ச் கணக்கில் 1056. செப்டம்பர் கணக்கில் 1055 ஆகிவிடும். பார்த்து எழுதிய மூலம் தென் ஸ்லாவியம் (பல்கேரியா, செர்பியா பக்கம்) என்பதால் தேதியையும் அவர்கள் கணக்கில் போட்டுவிடாதீர்கள். தேதி உள்ள கடைசிக் குறிப்பு படியெடுத்தவருடையது.