ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம்: முதன்முறை இணைப்பவர்களுக்கு

ஃபேமிகாம் என்ற தன் வீடியோ கேம் கருவியோடு இணைக்க, நிண்டெண்டோ 1986 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியிட்ட சிவப்புப் பெட்டி இது. கேம்கள் கார்ட்ரிட்ஜுக்குப் பதில், இரண்டு பக்கமும் சேர்த்து 112 கே.பி. கொள்ளும் மஞ்சள் டிஸ்கில் வரும். வாங்குமுன் விற்பவரிடம் கேளுங்கள்: "பெல்ட் மாத்தியாச்சா?" மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: பெல்ட்
டிஸ்கைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் இளகி, தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். டிரைவை வெளியே எடுத்து, மோட்டார் கப்பியிலும் பெரிய சக்கரத்திலும் படிந்த பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர்பட்ஸால் முழுக்கத் துடையுங்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும். பிறகு புதியதை மாட்டுங்கள். மற்ற ஸ்க்ரூக்களைத் தொடவே வேண்டாம். டிஸ்கில் தரவு ஒரே சுருளாக ஓடுகிறது. அதைப் படிக்கும் ஹெட் அதன் தொடக்கத்திலிருந்து கடைசி வரை போய்த்தான் திரும்பும். ஹெட்டும் சுழலும் அச்சும் கொஞ்சம் விலகினாலும் ஒன்றும் படிக்காது.

படி 2: மின்சாரம்
'சி' அளவு பேட்டரி 6, அல்லது நடுமுனை நெகட்டிவாக உள்ள 9 வோல்ட் அடாப்டர். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் புகைதான். பேட்டரியே நிம்மதி என்பேன். ஃபேமிகாமுக்குத் தனி அடாப்டர் வேண்டும், மறக்காதீர்கள்.

படி 3: இணைப்பு
ஃபேமிகாமை அணைத்துவிட்டு, கறுப்பு ராம் அடாப்டரைக் கார்ட்ரிட்ஜ் துளையில் செருகுங்கள். கேமை ஏற்றிவைக்கும் 32 கே.பி. நினைவகமும் கூடுதல் ஒலிச் சேனலும் இதற்குள்தான் இருக்கின்றன. அதன் கேபிளை டிரைவின் பின்னால் மாட்டுங்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்
டிஸ்க் போடாமல் ஃபேமிகாமை ஆன் செய்தால் மரியோவும் லூய்ஜியும் திரையில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். சும்மா கொஞ்ச நேரம் பார்க்கலாம்! பிறகு ஏ பக்கம் மேலே இருக்கும்படி டிஸ்கைச் செருகுங்கள். மஞ்சள் டிஸ்குகளுக்கு ஷட்டர் கிடையாது, காந்தப் படலத்தில் விரல் படக் கூடாது. சிவப்பு விளக்கு எரியும்போது டிஸ்கை எடுக்காதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள்.

பிழை எண் வந்தால்: 01 என்றால் டிஸ்க் சரியாக உட்காரவில்லை. 02 என்றால் பேட்டரியைப் பாருங்கள். 07 என்றால் பக்கம் மாறிவிட்டது, திருப்பிப் போடுங்கள். 21, 22, 27 என்று வந்தால் முதலில் வேறொரு டிஸ்கைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே எண் வந்தால் டிரைவை மறுபடி திறக்க வேண்டியதுதான்.