ரெசுமேயில் எழுதும் வரிதான் நேர்முகத்தில் கேள்வியாக வரும்: பினாங்கில் வேலை தேடுவோருக்கு

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்க உட்காரும் மூவரில் ஒருவனாக என்னையும் அழைப்பார்கள். இப்போது பட்டர்வொர்த்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் ரெசுமேக்களைத் திருத்திக் கொடுக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நேர்முகத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வேலை தேடுபவரே ரெசுமேயில் எழுதிக் கொடுத்தவை. கேட்பவர் முதல் நாள் இரவே உட்கார்ந்து உங்கள் ரெசுமேயைப் படித்துவிட்டு வருவதில்லை. நீங்கள் கதவைத் தட்டும் நேரத்தில்தான் அதைக் கையில் எடுக்கிறார், கண்ணில் பட்ட வரியிலிருந்து தொடங்குகிறார். ஆகவே ரெசுமே எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே, "இதைப் பற்றிக் கேட்டால் இரண்டு நிமிடம் பேச என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேச ஒன்றும் இல்லாத வரியை எடுத்துவிடலாம்.

பெயரும் அடையாள அட்டையும்

நம்மவர்களுக்குத் தடுமாற்றம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. மலேசிய அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று தந்தையின் பெயர் சேர்ந்திருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் இணையவழி விண்ணப்பப் படிவங்களோ குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டத்தை வைத்து, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடுவதில்லை. அந்தக் கட்டத்தில் ஏ/எல், ஏ/பி இல்லாமல் தந்தையின் பெயரை மட்டும் எழுதுங்கள். எல்லா நிறுவனங்களுக்கும் அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ரெசுமேயின் தலைப்பில் உங்களை அழைக்க வேண்டிய பெயர் தடித்த எழுத்தில் இருக்கட்டும். ஒரு நேர்முகத்தில் வெளிநாட்டிலிருந்து காணொளி வழியே பேசிய அதிகாரி ஒரு பையனைக் கடைசிவரை அவனுடைய அப்பாவின் பெயரைச் சொல்லியே அழைத்துக்கொண்டிருந்தார். அவனும் திருத்தவில்லை, அருகில் இருந்த எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. "என்னை இப்படி அழைக்கலாம்" என்று சிரித்த முகத்தோடு ஒரு வார்த்தை சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அடையாள அட்டை எண்ணை ரெசுமேயில் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தின் குறியீடு (பினாங்கில் பிறந்தவருக்கு 07, கோலாலம்பூரில் பிறந்தவருக்கு 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். முன்பின் தெரியாத ஒருவருக்கு இத்தனையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். வேலை உறுதியான பிறகு நிறுவனம் எப்படியும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மதம், திருமண நிலை, பெற்றோரின் தொழில் ஆகியவையும் வேண்டாம். படம் கேட்டிருந்தால் மட்டும் இணையுங்கள்.

வேலை அனுபவத்தை எழுதும் முறை

தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். அதனால் ரெசுமே எழுத உட்கார்ந்ததும் ஒன்று கூச்சப்பட்டு எதையும் எழுதுவதில்லை, அல்லது இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து, "கடின உழைப்பாளி, பொறுப்பானவர், குழுவாகப் பணியாற்றக் கூடியவர்" என்று யாருக்கும் பொருந்தும் சொற்களை வரிசையாக அடுக்கிவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: செய்த வேலையை எண்ணிக்கையோடு, நடந்தது நடந்தபடி சொல்வது. அது தற்பெருமை ஆகாது.

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். பேரங்காடி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் காசாளராக இருந்த ஒரு பெண், கணக்குப் பிரிவில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தாள். ரெசுமேயில் இருந்தது ஒரே வரி: "காசாளர், முகப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு." என்னம்மா செய்தாய் என்று கேட்டேன். பணம் வாங்கிப் போடுவேன் அங்கிள், வேறென்ன என்றாள். கல்லாவை யார் மூடுவார்கள் என்று கேட்டேன். இரவு ஷிப்டில் தானே மூடுவதாகவும், ரொக்கம், வங்கி அட்டை, மின்பணப்பை மூன்றையும் தனித்தனியே கூட்டி மேற்பார்வையாளரிடம் ஒப்படைப்பதாகவும் சொன்னாள். கணக்கு என்றைக்காவது உதைத்திருக்கிறதா என்றேன். ஒருநாள் 50 வெள்ளி (ரிங்கிட்) குறைந்ததாம். எல்லோரும் சில்லறை மாற்றிக் கொடுத்திருப்பாய் என்றார்களாம். இவள் ரசீதுச் சுருளை முழுவதும் பிரித்துப் பார்த்து, ஒரு பொருளின் விற்பனை இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறாள். இதை ஏனம்மா எழுதவில்லை என்று கேட்டதற்கு, அது வேலைதானே என்றாள்.

அந்த ஒரு வரியை இப்படி மாற்றினோம்: "இரவு ஷிப்டின் முடிவில் ரொக்கம், அட்டை, மின்பணப்பை ஆகிய மூவகை வரவையும் தனியாகச் சரிபார்த்து ஒப்படைத்தேன், கணக்கு வேறுபட்டபோது ரசீதுகளைக் கொண்டு காரணத்தைக் கண்டறிந்தேன்." நேர்முகத்தில், நினைத்தபடியே, கணக்கு வேறுபட்ட கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவளுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அன்றிலிருந்து இங்கே ஆள் எடுப்பவர்களுக்குக் குணநலச் சொற்களைவிட விவரங்கள்தான் காதில் ஏறும்: எந்த இயந்திரம், எத்தனை பேர் கொண்ட பிரிவு, எந்த ஷிப்ட், பழுதை எப்படிக் குறைத்தீர்கள். எண்ணிக்கை நினைவில் இல்லையென்றால் பழைய சக ஊழியரிடம் கேளுங்கள். நீங்களாக ஓர் எண்ணைக் கற்பனை செய்து போடாதீர்கள், அடுத்த கேள்வி அதைப் பற்றியே வரும்.

படித்து முடித்துப் புதிதாக வருபவர்கள் தொழிற்பயிற்சியையும் இறுதியாண்டுத் திட்டப்பணியையும் இதே முறையில் எழுதலாம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் நடத்தியதை எழுதலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பந்தலில் நின்று மோர் ஊற்றியது புண்ணியம்; அதை எழுத வேண்டாம். நன்கொடைக் கணக்கை வைத்திருந்தவரும், எத்தனை பேருக்கு எவ்வளவு பொருள் வாங்குவது என்று திட்டமிட்டவரும் தாராளமாக எழுதலாம். திறன் சான்றிதழ் பெற்றவர்கள் எஸ்.கே.எம். என்று மட்டும் போட்டு நிறுத்தாமல் எத்தனையாவது நிலை, எந்தத் துறை என்பதையும் குறிப்பிட வேண்டும். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் சம்பளத்திலேயே வித்தியாசம் வரக்கூடும்.

மொழிகளை எழுதும்போது பேச வருமா, எழுத வருமா என்று பிரித்துக் காட்டுங்கள். மாண்டரின் கேட்கும் விளம்பரங்கள் பினாங்கில் நிறைய வருவது நம் பிள்ளைகளுக்கு மனக்குறைதான், அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் சந்தையிலும் காப்பிக்கடையிலும் பழகிய ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி வாயில் இருக்குமானால் அதை மறைக்காமல் எழுதுங்கள். வாடிக்கையாளர் சேவை போன்ற வேலைகளில் அது கைகொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நிறுவனங்களில் ரெசுமேயை முதலில் படிப்பது மென்பொருள். இரண்டு நெடுவரிசைகள், பெட்டிகள், படக்குறிகள் நிறைந்த அழகான மாதிரிகளை அது சில சமயம் தப்பும் தவறுமாகப் படிக்கும். ஒரே நெடுவரிசையாக, இரண்டு பக்கத்துக்கு மிகாமல், பி.டி.எஃப். கோப்பாக, உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் கோப்புக்கு வைத்து அனுப்புங்கள். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுவது நல்லது.

முகப்புக் கடிதம்

கடிதத்தில் ரெசுமேயையே திருப்பி எழுதுகிறார்கள். அது படிப்பவருக்குச் சலிப்பைத்தான் தரும். ரெசுமேயால் சொல்ல முடியாத மூன்று செய்திகளுக்கே கடிதம் தேவைப்படுகிறது: எந்த விளம்பரத்தைப் பார்த்து எந்த வேலைக்கு எழுதுகிறீர்கள், அந்த விளம்பரம் கேட்கும் முக்கியமான தகுதி ஒன்றை எங்கே செய்து காட்டினீர்கள், எப்போது வேலைக்கு வர முடியும். பெருநிலத்தில் உள்ள பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து தீவுக்கு விண்ணப்பிப்பவர் சொந்த வாகனம் உண்டு என்றோ தொழிற்சாலைப் பேருந்தில் வர முடியும் என்றோ ஒரு வரி சேர்த்தால், படிப்பவரின் மனத்தில் எழும் முதல் ஐயம் தீர்ந்துவிடும். ஷிப்ட் வேலைக்குச் சம்மதமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்து, வேறொரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தையே அனுப்பிவிடுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது; அனுப்புவதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நேர்முகம்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றவுடன், அப்பா இன்ன வேலை, அம்மா இல்லத்தரசி, உடன்பிறந்தோர் மூவர், நான் இரண்டாவது என்று தொடங்குவது தமிழ்ப்பள்ளியில் "நான்" என்ற கட்டுரை எழுதிய நாள் முதல் நம்மோடு வரும் பழக்கம். கேட்பவர் எதிர்பார்ப்பது அதுவல்ல. இப்போது என்ன செய்கிறீர்கள், இதற்கு முன் செய்தவற்றுள் இந்த வேலைக்குப் பொருந்துவது எது, ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள் என்பதை ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தால் எங்கே இழுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அனுபவத்தைப் பற்றிய கேள்விக்கு, நடந்தது என்ன, அதில் நான் செய்தது என்ன, கடைசியில் என்ன ஆனது என்ற வரிசையில் பதில் சொல்லுங்கள். "நாங்கள் செய்தோம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு எது என்பது தெரியாமல் போகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை எப்படித் தெரிந்துகொள்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முந்தைய முதலாளியைப் பற்றிக் குறை வேண்டாம், அது உண்மையாகவே இருந்தாலும். வேலையில்லாத இடைவெளிக்குக் காரணம் அம்மாவின் உடல்நலம் என்றால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அந்த நாட்களில் எதையாவது கற்றிருந்தால் அதையும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அரசு வேலை நேர்முகம் வேறு மாதிரியானது. அது மலாய்மொழியில் நடக்கும். அமைச்சின் பணி, ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாடு, நாட்டு நடப்பு போன்றவற்றையும் கேட்பார்கள். பெரும்பாலான அரசுப் பணிகளுக்கு, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் தேவை. அது இல்லாதவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடியும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சம்பளக் கேள்விக்கு, "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்பது பணிவான பதிலாகத் தோன்றும், ஆனால் அதனால் நஷ்டம் நமக்கே. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. அதற்குக் கீழே பேச்சே இல்லை. அதே வேலைக்கு விளம்பரங்களில் என்ன தருகிறார்கள் என்று பார்த்து, ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரு தொகையைச் சொன்னால், அது அடிப்படைச் சம்பளமா, மிகைநேரம் எல்லாம் சேர்த்ததா என்று கேளுங்கள். மிகைநேரப் பணத்துக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடிப்பதில்லை, முதலாளியும் தன் பங்கைச் செலுத்துவதில்லை. மாதம் 3,000 வெள்ளி கைக்கு வரும் இருவரில், அடிப்படைச் சம்பளம் 1,700 மட்டுமே உள்ளவரின் ஓய்வுக்காலச் சேமிப்பு அடிப்படைச் சம்பளம் கூடுதலாக உள்ளவருடையதைவிட மெதுவாகத்தான் வளரும். ஆர்டர் குறைந்து மிகைநேரம் நின்றுவிட்டால் வீட்டுச் செலவும் இடிக்கும்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்க இரண்டு பாலங்கள் இருந்தும் காலை நெரிசல் தீரவில்லை. நேர்முகத்துக்குத் தாமதமாக வந்து, "பாலத்தில் ஜாம்" என்று சொல்பவரைப் பார்த்தால், நாளைக்கும் அதே பாலம்தானே என்று எங்களுக்குள் நினைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள். காணொளி நேர்முகமென்றால் வெளிச்சம் முகத்தில் விழும்படி சன்னலைப் பார்த்து உட்காருங்கள். எந்த நேரத்தில் பேசப்போகிறீர்கள் என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பிரஷர் குக்கர் விசில் அடித்து முடியும்வரை ஒரு பையனும் நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்டாலோ, டெலிகிராமில் மட்டுமே பேசினாலோ விலகிவிடுங்கள். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் உடனே உங்கள் வங்கிக்கும், மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும்.

நேர்முகம் முடிந்து பேருந்தில் ஏறியவுடன், மறப்பதற்கு முன், கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எந்தக் கேள்வி ரெசுமேயின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று நேர்முகங்களுக்குப் பிறகும் யாருமே கேட்காத வரியையும், கேட்டபோதெல்லாம் நீங்கள் தடுமாறிய வரியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை எழுதி அனுப்புங்கள்.