கொழும்பில் எயார் ரைபிள் பழகத் தொடங்குவோருக்கு

துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுள் பலருக்கு விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை. அதன் காரணத்தை இங்கு எழுத வேண்டியதும் இல்லை. ஆயினும் அழுத்திய காற்றால் சன்னத்தைச் செலுத்தும் ரைபிளைக் கொண்டு பத்து மீற்றர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடும் 10 மீற்றர் எயார் ரைபிள், 1984ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் விளையாட்டு. 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கையின் சார்பில் இதில் பங்கேற்றார். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வார இறுதியில் கழகச் சுடுதளம் ஒன்றுக்குச் சென்று இதைக் கற்க விரும்பும் ஒருவர், முதற் சில மாதங்களில் எவற்றில் கவனம் வைக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தொடக்கத்தில் எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். இலங்கையில் சுடுகலன்கள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்துக்கு உட்பட்டவை; அனுமதிப்பத்திரம் பெறுவதும் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்பதும் பாதுகாப்பு அமைச்சின் நடைமுறைகளோடு தொடர்புடைய அலுவல்கள். ஆகவே கழகத்தின் ரைபிளைக் கழகத்திலேயே, பயிற்றுநரின் கண்முன்னே எடுத்துப் பழகி, அங்கேயே திருப்பி ஒப்படைத்துவிட்டு வருவதுதான் புதியவருக்கு ஏற்ற வழி. காலி வீதியில் 100ஆம் இலக்கப் பேருந்தில் நீண்ட பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினால் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சுடுதளத்தின் ஒழுங்குகளைச் சுடுவதற்கு முன்பே மனப்பாடமாக்கிக்கொள்ள வேண்டும். குழலின் வாய் எப்போதும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும். சுடும் கணம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். கையில் எடுக்கும் ஒவ்வொரு ரைபிளிலும் சன்னம் ஏற்றப்பட்டிருக்கிறது என்றே கருத வேண்டும். சுடாத வேளையில் குழலினூடாகச் செல்லும் பளிச்சென்ற நிறமுடைய பாதுகாப்பு இழை, உள்ளே ஒன்றுமில்லை என்பதைத் தொலைவில் நிற்பவருக்கும் காட்டும். ‘ஸ்டொப்’ என்ற கட்டளை கேட்டவுடன், விசையை அரைவாசி அழுத்தியிருந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும். இதில் தயங்குபவரை வெளியே அனுப்பும் பயிற்றுநர் கடுமையானவர் அல்லர். அவரிடமே தொடர்ந்து படியுங்கள்.

இலக்கு அட்டையின் அளவை அறிந்தால் இவ்விளையாட்டின் இயல்பு விளங்கும். வளையங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அதன் விட்டம் 45.5 மில்லிமீற்றர், நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் 0.5 மில்லிமீற்றர், அதாவது அச்சுப் புத்தகத்தின் முற்றுப்புள்ளி அளவு. பெலட் எனப்படும் ஈயச் சன்னத்தின் விட்டமோ 4.5 மில்லிமீற்றர். இவ்வளவு சிறிய புள்ளியைக் கைப்பலத்தால் பிடித்து வைக்க எவராலும் இயலாது. தசை சோர்ந்துவிடும், நடுங்கும், எலும்பு சோர்வதில்லை. ரைபிளின் பாரத்தை எலும்பின் மீது இறக்கி வைக்கக் கற்பதே முதற் பருவத்தின் முழு வேலை என்பேன்.

வலக்கைப் பழக்கமுடையவர் இடப்பக்கத்தை இலக்குக்குக் காட்டி, பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து நிற்க வேண்டும். இட முழங்கை விலாவோடு ஒட்டி இடுப்பெலும்பின் மேல் அமர, முன்கை தூண்போல் நிமிர்ந்து ரைபிளைத் தாங்க வேண்டும். அந்தப் பாரத்தை ஈடுசெய்ய மேலுடல் சற்றே பின்னோக்கிச் சாயும். சோங்கு, அதாவது ரைபிளின் பின்பகுதிக் கட்டை, தோளில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். தலையைச் சோங்கை நோக்கிக் குனிக்காமல், சோங்கை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கன்னம் அதன் மேல் தானாக ஓய்ந்திருக்க வேண்டும். போட்டி ரைபிள் 5.5 கிலோகிராம்வரை இருக்கலாம் என்பதால், முதல் வாரங்களில் ஒரு தாங்கியின் மீது வைத்துச் சுடச் சொன்னால் வெட்கப்படத் தேவையில்லை.

நிலை சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. குறி பார்த்தபின் கண்களை மூடி, இரண்டு முறை மூச்சுவிட்டு, உடலைத் தளர்த்திவிட்டுக் கண்களைத் திறவுங்கள். குறி இலக்கிலேயே இருந்தால் நிலை சரி. வலப்புறமோ இடப்புறமோ விலகியிருந்தால், அதைக் கையால் இழுத்து நேராக்கத் தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. பின்னங்காலைச் சிறிது நகர்த்தி உடல் முழுவதையும் திருப்ப வேண்டும். கையால் இழுத்த ரைபிள், விசை விடுபடும் கணத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ஒவ்வொரு சுடுகைக்கும் முன்னர் இச்சோதனையைச் செய்வது சலிப்பூட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஏனோ இடப்பக்கமே போகிறது என்று மாதக்கணக்காகக் குறைப்படுபவர்களுட் பெரும்பாலோர் இதைச் செய்யாதவர்களே.

எந்தக் கண்ணால் குறி பார்ப்பது என்பதையும் முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். இரு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சிறு துவாரம் அமைத்து, அதனூடாகத் தொலைவிலுள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பார்த்து, பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்; எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் மறையாமல் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். மற்றக் கண்ணை இறுக மூடினால் முகத்தசை முழுவதும் இறுகும் என்பதால், அதைத் திறந்தபடியே விட்டு, முன்னால் ஒரு சிறு மறைப்பு அட்டையை வைப்பது நல்லது. பின் குறிகாட்டியின் துவாரம், முன் குறிகாட்டியின் வளையம், இலக்கின் கரிய வட்டம் ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைய வேண்டும். அவற்றுள் பார்வை நிலைகொள்ள வேண்டியது முன் வளையத்தில்தான். இலக்கு சற்று மங்கித் தெரிந்தால் கவலை வேண்டாம்.

மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்காமல், இயல்பாக வெளிவிட்டு, அடுத்த மூச்சுக்கு முன்வரும் இடைவெளியில் சுட வேண்டும். ஏறத்தாழ எட்டு செக்கன்களுக்குள் விசை விடுபடவில்லையானால் ரைபிளை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். காத்திருக்கக் காத்திருக்கக் கண்ணும் கையும் பொய் சொல்லத் தொடங்கும். குறி அசைந்துகொண்டேதான் இருக்கும். அது நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடிக்க எண்ணி விசையை வெடுக்கென இழுப்பதே புதியவர்களின் பெரும் பிழை. விசை இரு கட்டங்களாக அழுந்தும்; இலேசாக அழுந்தும் முதற் கட்டத்தை எடுத்து நிறுத்தி, சுடுகை நிகழும் இரண்டாம் கட்டத்தில் அழுத்தத்தைச் சீராகக் கூட்டினால், அசைவு இருந்தும் சன்னங்கள் நடுவைச் சுற்றியே விழும். விசை விடுபட்ட பின்னும் ஓரிரு செக்கன்கள் குறியை விட்டு விலகாதீர்கள்.

முதற் சில வாரங்களுக்குப் புள்ளிகளை எண்ண வேண்டாம். இலக்கு அட்டையின் வெறும் வெள்ளைப் பின்புறத்தில் ஐந்து சன்னங்களைச் சுட்டு, அவை எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். கூட்டம் நெருங்கிய பின்னரே குறிகாட்டியைத் திருப்ப வேண்டும். சன்னம் எந்தத் திசையில் நகர வேண்டுமோ அந்தத் திசையிலேயே பின் குறிகாட்டியை நகர்த்துவது விதி. ஆனால் பல ஜேர்மன் தயாரிப்புகளில் குறிகாட்டியை நகர்த்தும் குமிழிலுள்ள எழுத்து, சன்னம் பிழையாகப் பட்ட பக்கத்தைக் குறிப்பதால், முதல் திருப்பலைப் பயிற்றுநரிடம் கேட்டுச் செய்யுங்கள். போட்டியில் 60 சுடுகைகளுக்கு 75 நிமிடங்கள் உண்டு. அவசரப்பட ஏதுமில்லை.

கொழும்பின் வெக்கை தனியாகக் கவனிக்க வேண்டியது. கன்வஸும் தோலும் சேர்த்துத் தைத்த சுடுசட்டையைத் தொடக்கத்தில் இரவல் வாங்கினால் போதும். அதற்குள் வியர்வை ஆறாய் ஓடும் என்பதால் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிந்து, பயிற்சி முடிந்ததும் சுடுசட்டையை நிழலில் காயவிடுங்கள், இல்லையேல் பூஞ்சணம் பிடித்துவிடும். கடற்காற்றும் வியர்வைக் கையும் உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒப்படைக்கும் முன் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சன்னம் ஈயம் என்பதை மறக்க வேண்டாம். சுடுதளத்துக்குள் எதையும் உண்ணாமல், வெளியே வந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவிய பின்பே ரோல்ஸையோ பிளேன்ரீயையோ தொட வேண்டும். அந்த இடைவேளையில் ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு சுடுகையும் எங்கே போயிருக்கும் என்று இலக்கு அட்டையைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் கணித்தீர்கள், உண்மையில் எங்கே போனது என்ற இரண்டையும் அருகருகே எழுதுங்கள். அடுத்த வாரம் பயிற்றுநர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.