லினக்ஸில் கியூஜிஐஎஸ் முரண்டு பிடித்தால்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறந்தால் வரைபடப் பகுதி வெள்ளையாக நிற்கிறது, சின்னங்கள் எறும்பளவில் தெரிகின்றன, ஆயத்தொலை முறைமை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) தெரியவில்லை என்று பிழைச்செய்தி வருகிறது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். உங்கள் அமைப்புகள் ஹோம் கோப்புறையில் தங்கிவிடுவதால் கோளாறும் கூடவே திரும்பி வரும். (கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன்; ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

முதலில், அடிப்பட்டியின் வலப்பக்கத்தில் ‘ரெண்டர்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் டிக் இல்லாவிட்டால் எதுவும் வரையப்படாது. டிக் இருந்தும் வெள்ளைதான் என்றால், அடுக்கின் பெயரில் வலது கிளிக் செய்து ‘ஜூம் டு லேயர்’ கொடுங்கள்.

அடுத்து, செட்டிங்ஸ் மெனுவில் ‘யூசர் ப்ரொஃபைல்ஸ்’ வழியாகப் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்குங்கள். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தால், பழையதில் உள்ள ஏதோ ஒரு செருகுநிரலோ அமைப்போதான் குற்றவாளி. செருகுநிரல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

ஆயத்தொலைச் சிக்கல் வேறு ரகம். ஆயத்தொலை முறைமைகளின் விவரம் ‘ப்ராஜ்.டிபி’ என்ற கோப்பில் இருக்கிறது. கோண்டா போன்ற பைத்தான் சூழல்கள் ‘ப்ராஜ்_லிப்’ என்ற சூழல் மாறியில் (மென்பொருள்கள் திறக்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு) தங்கள் கோப்புறையின் முகவரியை எழுதிவிடும். கியூஜிஐஎஸ் தனக்குப் பொருந்தாத பதிப்பைத் திறந்து திணறும். ஆயத்தொலைக் கணக்குகளைப் பார்க்கும் ப்ராஜ் நிரலகத்தின் 9.1 பதிப்பு முதல் இந்த மாறியின் பெயர் ‘ப்ராஜ்_டேட்டா’, இரண்டையும் சோதியுங்கள்.

முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ‘பிரிண்ட்என்வ் ப்ராஜ்_லிப்’ என்று தட்டுங்கள்; மாறியின் பெயர் மட்டும் பெரிய எழுத்துகளில். ஏதேனும் முகவரி வந்தால் ‘அன்செட் ப்ராஜ்_லிப்’ கொடுத்து, அதே முனையத்திலிருந்து கியூஜிஐஎஸ்ஸைத் திறங்கள். சரியாகிவிட்டதா? முனையம் திறக்கும்போது படிக்கப்படும் ‘.பேஷ்ஆர்சி’ கோப்பில் அந்த மாறி உள்ள வரியின் முன் # குறி இடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், கோண்டா சூழல் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ‘கோண்டா டிஆக்டிவேட்’ போதும். மெனுவிலிருந்து திறந்தால் நலம், முனையத்திலிருந்து திறந்தால் கோளாறு என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இனி திரை. சின்னங்களின் அளவையும் எழுத்துருவையும் மாற்ற செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பக்கமே போதும். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறங்கள். ஆனால் பிரித்தெடுத்த பலகம் மீண்டும் ஒட்ட மறுத்தாலோ, மெனு வேறெங்கோ விரிந்தாலோ, வேலண்ட்மீது (லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை) சந்தேகப்படுங்கள். முனையத்தில் ‘க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம்=எக்ஸ்சிபி’ என்று பெரிய எழுத்துகளில் தட்டி (சமக்குறிக்குப் பின் வருவது மட்டும் சிறிய எழுத்து), ஓர் இடம் விட்டு ‘கியூஜிஐஎஸ்’ என்று முடியுங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் அது பழைய எக்ஸ்11 வழியில் திறக்கும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால், கியூஜிஐஎஸ்ஸை மெனுவிலிருந்து திறக்க உதவும் ‘.டெஸ்க்டாப்’ கோப்பை ஹோமில் உள்ள ‘.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்’ கோப்புறையில் நகலெடுத்து, ‘எக்ஸெக்=’ என்பதை அடுத்து ‘என்வ்’ என்ற சொல்லையும் அந்த மாறியையும் அதன் மதிப்போடு சேருங்கள்.