ஸ்காட்லாந்துக்கு வெளியே நடக்கும் கல்யாணத்துக்கு கில்ட் அணிந்து போவது எப்படி?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும், முட்டி வரையிலான கட்டம் போட்ட கம்பளி உடை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேலை பார்த்த காலத்தில் நண்பர்களின் கல்யாணங்களுக்கு அதை அணிந்து பழகினேன். அங்கே மாப்பிள்ளை, மாமனார், தோழர்கள் எல்லோரும் கில்ட்டில்தான் நிற்பார்கள். கூட்டத்தில் நம்மை யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அதே உடையில் போனேன். அந்த இடத்திலேயே கில்ட் அணிந்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்குப் புரிந்துகொண்டது இது: ஸ்காட்லாந்தை விட்டு வெளியே வந்துவிட்டால், விருந்தாளியின் கில்ட் ஒரு படி அடக்கமாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

1. முதலில் கேட்டுவிடுங்கள்

மணமக்களில் ஒருவருக்கு ஒரு செய்தி போதும்: "கில்ட்டில் வரலாமா?" பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். மாப்பிள்ளையும் கில்ட் அணிகிறார் என்றால், அவருடைய டார்டன், அதாவது கில்ட் துணியின் கட்ட வடிவம், எது என்றும் கேளுங்கள். அதே கட்டத்தில் நீங்களும் போய் நின்றால் மாப்பிள்ளைத் தோழர் என்று நினைத்துவிடுவார்கள்.

2. டார்டன் தேர்வு

ஸ்காட்லாந்துக்காரராக இல்லாதவர் கில்ட் அணியலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக அணியலாம். நான் பழகிய ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டார்களே தவிர, ஒருவரும் முகம் சுளித்ததில்லை. ஒரு குலத்தின் டார்டனை வேறொருவர் அணியக் கூடாது என்று சட்டமும் இல்லை. ஆனாலும் சம்பந்தமில்லாத குலத்தின் கட்டத்தைவிட, எல்லோருக்கும் பொதுவான ஒன்றை எடுப்பதே மரியாதை. பிளாக் வாட்ச் என் முதல் தேர்வு. 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ராணுவப் படைப்பிரிவின் கட்டம் அது. கருநீலம், கரும்பச்சை, கறுப்பு என்று கண்ணை உறுத்தாத நிறங்கள். பால்மோரல் டார்டனை மட்டும் தொடாதீர்கள், அது அரச குடும்பத்துக்கு உரியது.

3. அளவு

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பேன்ட் இடுப்புக்குக் கீழே நிற்கும். கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும். முதன்முறை வாடகைக்கு எடுத்தபோது நான் பேன்ட் அளவையே எழுதிக் கொடுத்தேன், கடையிலும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வந்து சேர்ந்த கில்ட் இடுப்பில் நிற்கவே இல்லை. ஆகவே டேப்பைத் தொப்புளைச் சுற்றிப் பிடித்து அளக்கவும். பின்புறத்தின் அகலமான இடத்தையும் அளந்துகொள்ளவும். நீளம் தொப்புளிலிருந்து முட்டிச் சில்லின் நடுப்பகுதி வரை. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: முட்டி போட்டு நிமிர்ந்து நின்றால், கீழ் ஓரம் தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும்.

4. மேல்சட்டை

பிரின்ஸ் சார்லி என்ற குட்டைக் கோட்டும் போ டையும் (பட்டாம்பூச்சி வடிவ டை) மாலை விருந்துக்கான உடை. இங்கிலாந்தில் கல்யாணங்கள் பெரும்பாலும் பகலில் நடக்கும். அதனால் ஆர்கைல் கோட் அல்லது ட்வீட் கோட், சாதாரண டை, தோலில் செய்த எளிய ஸ்போரன் (கில்ட்டின் முன்னால் தொங்கும் பை) போதும். ரோமம் வைத்த ஸ்போரன் மாப்பிள்ளைக்கு இருக்கட்டும்.

5. அணியும் வரிசை

சட்டை, காலுறை, ஷூ எல்லாம் முடிந்த பிறகுதான் கில்ட். கில்ட்டை இறுகக் கட்டிய பிறகு குனிந்து ஷூக் கயிறு கட்டுவது பெரும்பாடு. காலுறையின் மேல்பகுதியை முட்டிக்குக் கீழே மூன்று விரல் இடம் விட்டு மடியுங்கள். மடிப்புக்குள்ளிருந்து ஃப்ளாஷ் எனப்படும் அலங்காரத் துணிப் பட்டைகள் காலின் வெளிப்பக்கமாகத் தொங்க வேண்டும். கில்ட்டோடு அணியும் கில்லி ப்ரோக் ஷூவின் நீளமான கயிற்றைக் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றிக் கட்டினால் போதும், கெண்டைக்கால் வரை ஏற்ற வேண்டாம்.

இனி கில்ட். முழு அளவு கில்ட்டுக்கு வழக்கமாக 8 கெஜம் கம்பளித் துணி. அதன் பெரும்பகுதி பின்னால் கொசுவமாகத்தான் இருக்கிறது. பின்கொசுவம் வைத்த சேலையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஆனால் இங்கே கொசுவம் தைத்தே வரும். கொசுவம் முதுகுக்கு நடுவில் வரும்படி பிடியுங்கள். வலக்கைப் பக்கத் துணியை இடப்பக்கம் கொண்டுபோய், அதன் பட்டையை இடுப்பிலுள்ள துளை வழியாக வெளியே இழுத்து மாட்டுங்கள். அப்புறம் இடக்கைப் பக்கத் துணியை அதன் மேல் போர்த்தி வலது இடுப்பில் மாட்டுங்கள். ஓரக் குஞ்சம் வலப்பக்கம் இருந்தால் சரி.

கில்ட் ஊசி என்ற அலங்கார ஊசியை, முன்பக்கத்தின் மேல் துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால், நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கில்ட் என்றால் அது அடுத்தவருக்குச் செய்யும் மரியாதையும்கூட.

6. காலுறைக் கத்தி

ஸ்கீன் டூ என்ற சிறு கத்தியைக் காலுறையில் செருகுவது மரபு. தேசிய உடையின் பகுதியாகக் கத்தி வைத்திருப்பதற்கு 1988ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குற்றவியல் நீதிச் சட்டம் இடம் கொடுக்கிறது. இருந்தாலும் விருந்து நடக்கும் இடத்துக்காரர்கள் தடுக்கலாம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவே முடியாது. பிடி மட்டும் உள்ள போலிக் கத்தி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இல்லாமல் போனாலும் குறையில்லை.

7. உட்காருவதும் ஆடுவதும்

வீட்டிலேயே பத்து முறை உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். உட்காரும் முன் இரு கைகளாலும் பின் கொசுவத்தைத் தடவிக் கீழிறக்க வேண்டும், இல்லையென்றால் கசங்கிவிடும். உட்கார்ந்ததும் முட்டிகளைச் சேர்த்து வையுங்கள். ஜோடியாக ஆடும்போது ஸ்போரனை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொண்டால், எதிரில் இருப்பவரை இடிக்காது.

இரவு திரும்பி வந்ததும் கில்ட்டை மடித்துப் பெட்டியில் வைக்காமல், கிளிப் உள்ள ஹேங்கரில் காற்றாடத் தொங்கவிடுங்கள். மறுநாள் கொசுவம் தானே பழைய நிலைக்கு வந்துவிடும்.